காலைப் பிடிக்கும் முன்னும் பின்னும்: டேக்டவுன் பற்றித் திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் பின்னேரங்களில் நாங்கள் கொஞ்சப் பேர் மல்யுத்தம் பழகுகிறோம். புதிதாக வருபவர்கள், ஓரமாக நின்று பார்ப்பவர்கள், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புபவர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட அதே கேள்விகளைத்தான். தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பதில்கள் என்னுடையவை. நான் பெரிய பதக்கக்காரன் இல்லை. ஆனால் நிறையத் தடவை விழுந்தவன், ஏன் விழுந்தேன் என்று யோசித்தவன்.

டேக்டவுன் எண்டா என்ன? ஆள் விழுந்தாலே புள்ளியா?

விழுந்தால் மட்டும் போதாது. நின்ற நிலையிலிருந்து எதிராளியைக் கீழே கொண்டுவந்து, அவருக்குப் பின்னால் போய், உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். இரண்டு முழங்காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு முழங்காலும் என்று அவருடைய உடம்பில் மூன்று இடங்கள் தரையில் பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் நடுவர் இரண்டு விரலை உயர்த்துவார், 2 புள்ளி. நின்ற நிலையிலிருந்தே நேராக முதுகு தரையைப் பார்க்கும்படி விழுத்தினால் 4. காற்றில் பெரிய வட்டமாகத் தூக்கி எறிந்தால் 5. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. இரண்டு தோளும் மெத்தையில் அழுந்தினால் புள்ளிக் கணக்கே வேண்டாம், ஆட்டம் முடிந்தது.

பெரியவர்களுக்கு 3 நிமிடப் பகுதிகள் இரண்டு, நடுவில் 30 விநாடி ஓய்வு. ஃப்ரீஸ்டைலில் 10 புள்ளி முன்னால் போனால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். கிரேக்க-ரோமன் முறையில் 8 போதும், ஆனால் அங்கே இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது, காலால் தட்டவும் கூடாது. இந்தப் பக்கம் முழுக்க ஃப்ரீஸ்டைல் பற்றியது.

அண்ணா, எங்களிட்ட மெத்தை இல்லை. மணலில பழகினாக் காணுமா?

தொடங்குவதற்குக் காணும். போட்டி மெத்தையில் வட்டம் 9 மீட்டர் விட்டம், அதைச் சுற்றி ஒன்றரை மீட்டர் பாதுகாப்பு ஓரம். அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால் கடற்கரையின் அருமை தெரியும். மணலில் விழப் பயமில்லை என்பது முதல் நன்மை. பயமில்லாதவன்தான் காலுக்குள் போவான். இரண்டாவது நன்மை, மணல் காலை விழுங்குவதால் ஒவ்வோர் அடிக்கும் தொடை வேலை செய்யும். மூன்று மாதம் மணலில் பழகியவர் மெத்தைக்குப் போனால் கால் இறகு மாதிரி இருக்கும்.

இடம் பார்த்துப் பழகுங்கள். கரையோர ஈரமணல் சிமெந்து மாதிரி இறுகியிருக்கும், மேலே உள்ள காய்ந்த மணலில் கணுக்கால் புதைந்து திரும்பும். இரண்டுக்கும் இடையில், லேசாக ஈரம் பிடித்த பட்டையில் பழகுவது நல்லது. தொடங்குமுன் எல்லோரும் வரிசையாக நடந்து போத்தல் ஓடு, சிப்பி, தூண்டில் முள் பொறுக்க வேண்டும். இதைச் செய்யாதவருக்கு அன்று பயிற்சி இல்லை. வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் கடற்கரையை மறந்துவிட்டு யாருடைய மண்டபத்தையாவது கெஞ்சிக் கேட்க வேண்டியதுதான்.

இன்னொன்று, கடற்கரை மல்யுத்தமே தனிப் போட்டியாக உலக அளவில் நடக்கிறது. 3 நிமிடம், முதலில் 3 புள்ளி எடுப்பவர் வென்றார். கீழே தரையாட்டம் கிடையாது, நின்றே விழுத்த வேண்டும். எங்கள் ஊருக்கென்றே செய்த விதி மாதிரித்தான் எனக்குப் படுகிறது.

எப்பிடி நிக்கிறது? வீடியோவில எல்லாரும் குந்துற மாதிரி நிக்கினம்.

கரவலை இழுப்பவர்களைப் பாருங்கள். யாரும் நெட்டையாக நின்று இழுப்பதில்லை. முழங்கால் மடிந்து, இடுப்பு தாழ்ந்து, பாதம் மணலைக் கவ்வி நிற்கும். முதுகு வளையாது. அந்த நிலைதான். ஒரு கால் அரை அடி முன்னால், பாரம் பாதத்தின் முன்பாதியில், முழங்கை விலாவோடு ஒட்டி, கைகள் முன்னால், தலை நிமிர்ந்து.

புதியவர்கள் விடும் பிழை, இடுப்பை மடித்து முழங்காலை நீட்டி நிற்பது. பார்க்கத் தாழ்ந்த மாதிரி இருக்கும். ஆனால் பிடரியில் ஒரு கை வைத்து இழுத்தால் மூக்குக் குத்தி மணலில் விழுவார்கள். தாழ்வது முழங்காலால், முதுகால் அல்ல. இதை நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கத்துகிறேன்.

முதல்ல எந்தப் பிடி பழகோணும்? டபிள் லெக்தானே லேசு?

பார்க்க லேசு. நான் முதலில் சிங்கிள் லெக்தான் பழக்குவேன், அதாவது ஒற்றைக்கால் பிடி. காரணம் சின்னது. டபிள் லெக், அதாவது இரண்டு காலையும் சேர்த்துப் பிடிப்பது, தவறினால் நீங்கள் எதிராளியின் நெஞ்சுக்குக் கீழே முழங்காலில் கிடப்பீர்கள். சிங்கிள் பாதி தவறினாலும் கையில் ஒரு கால் இருக்கும், அதை வைத்து ஏதாவது செய்யலாம்.

எந்தக் கால் முன்னால் நிற்கிறதோ அதுதான் குறி. முழங்காலை மடித்து உங்கள் தலை அவருடைய நெஞ்சு மட்டத்துக்கு வரும்வரை தாழுங்கள். பிறகு முன்கால் அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே நீளமாக ஓர் அடி. மெத்தையில் என்றால் அந்த முழங்கால் லேசாகத் தொட்டு வழுக்கும். மணலில் வழுக்காது, புதையும். அதனால் மணலில் முழங்காலைக் குத்தாமல் தாழ்ந்து நடக்கிற மாதிரிப் போங்கள். சிமெந்துத் தரையில் இதைப் பழகவே வேண்டாம். என்னுடைய வலது முழங்காலில் மழை வருமுன் ஒரு குத்தல் வரும், அது பதினேழு வயதில் வீட்டு விறாந்தையில் பழகிய சிங்கிள் லெக்.

இரண்டு கையும் முழங்காலுக்குப் பின்னால் சேர வேண்டும். உள்ளங்கையோடு உள்ளங்கை. விரல்களைக் கோர்க்காதீர்கள், எதிராளி உதறும்போது விரல்தான் முறியும். நெற்றி அவருடைய நெஞ்சின் உட்பக்கத்தில் அழுத்தியிருக்கட்டும். பிடித்தவுடன் எழும்புங்கள். அவருடைய காலை உங்கள் இரண்டு தொடைக்கும் நடுவே கிடுக்கி மாதிரி இறுக்குங்கள். எழும்பாமல் கீழேயே முழங்காலில் இருந்தால் அவர் இடுப்பைப் பின்னால் எறிந்து உங்கள் மேல் படுத்துவிடுவார்.

காலைப் பிடிச்சிட்டன். ஆனா அவன் ஒத்தைக் காலில துள்ளித் துள்ளி நிக்கிறான், விழுத்தேலாம இருக்கு.

இதுதான் அதிகம் பேர் கேட்டது. காலைப் பிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து ஒரு நொடி மூச்சு விடுகிறோம். அந்த நொடியில் அவர் உங்கள் கைக்கு மேலால் தன் கையைச் சுற்றி இறுக்கிவிடுவார். நல்ல மல்யுத்தக்காரர் ஒற்றைக் காலில் ஒரு நிமிடம்கூட நிற்பார். அவரைத் துள்ள விடாமல் செய்ய மூன்று வழி சொல்கிறேன். மூன்றையும் ஒரே நாளில் பழகாதீர்கள்.

முதலாவது, காலைத் தொடைக்குள் இறுக்கியபடி, தோளால் அவருடைய தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே, கீழ்நோக்கிப் பாரம் கொடுங்கள். அதே நேரம் வெளிப்பக்கக் காலைப் பின்னால் வைத்து வட்டமாகப் பின்நடை. தலையை நெஞ்சிலிருந்து எடுக்கக் கூடாது. தோள் கீழே, கால் பின்னால், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் அவர் கதிரையில் இருப்பது மாதிரி இருந்துவிடுவார். கையால் இழுத்து விழுத்தப் பார்ப்பவருக்குத்தான் கை நோகும். இதில் வேலை செய்வது பாரமும் நடையும்.

இரண்டாவது, அவர் துள்ளும்போது நிற்கிற கால் ஒரு கணம் தரையை விட்டு எழும்பும். அந்தத் துள்ளலை எண்ணுங்கள். கால் இறங்குகிற நேரத்தில் உங்கள் பாதத்தால் அதன் கணுக்காலைத் தட்டிவிடுங்கள். மூன்றாவது, ஒரு கையை விட்டு மற்றக் காலின் பின்தொடையை எட்டிப் பிடித்து டபிள் லெக்காக மாற்றுவது. உயரம் குறைந்தவர்களுக்கு இது நன்றாக அமையும். உயரமானவர்கள் காலை அப்படியே தோள்வரை தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாலே போதும்.

மேலால் சுற்றிய கையை எப்படி விடுவிப்பது என்பவர்களுக்கு: தலையை உயர்த்தி அவருக்கு இன்னும் கிட்டப் போங்கள். விலகப் போனால்தான் அந்தக் கை இறுகும்.

டபிள் லெக் போகேக்க தலையை எங்க வைக்கிறது? கீழ பாக்கிறதா, மேல பாக்கிறதா?

மேலே. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் மான்கள் நிற்குமே, அதில் இரண்டு கிடாய்கள் முட்டுவதை ஒரு நாள் நின்று பாருங்கள். தாழ்ந்து வருகிற தலைதான் மற்றதைத் தள்ளும். ஆனால் கழுத்து மடங்கிய கிடாய் பின்னால் போகும். எங்களுக்கும் அதே கணக்கு. தாழ வேண்டும், கழுத்து மடங்கக் கூடாது. நெற்றி ஐந்தாவது கை மாதிரி என்று பெடியன்களுக்குச் சொல்வேன். நான்காவது எது என்று ஒருவரும் இதுவரை கேட்கவில்லை.

டபிள் லெக்கில் தலை வெளிப்பக்கம். காது அவருடைய விலாவில் ஒட்டியிருக்க, இரண்டு கையும் முழங்கால்களுக்குப் பின்னால். அப்புறம் நேராகத் தள்ளாதீர்கள். நேராகத் தள்ளினால் அவர் நேராகப் பின்னால் கால் எறிவார். தலையால் குறுக்கே தள்ளியபடி, தலை இருக்கிற பக்கமாகச் சுற்றி ஓடுங்கள். மூலை திரும்புகிற பஸ் மாதிரி. கால் இரண்டும் பூட்டியிருக்க மேலுடம்பு பக்கவாட்டில் போனால், ஊன்றுவதற்கு அவருக்குக் கால் இல்லை.

இந்த ஒரு பிடியை வைத்தே உலகை வென்றவர்கள் இருக்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 74 கிலோவில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஜோர்டன் பரோஸின் டபிள் லெக்கை ஒருமுறை பாருங்கள். அது தொடங்குவதே தெரியாது.

தூரத்தில இருந்து பாஞ்சா ஒவ்வொருமுறையும் மேல விழுந்து அமத்திப்போடுறாங்கள். என்ன பிழை?

பிழை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தூரத்திலிருந்து, பாய்ந்து.

முதலில் தூரம். முழங்கை கொஞ்சம் மடிந்த நிலையில் அவருடைய தோளைத் தொட முடியாவிட்டால் போகாதீர்கள். அந்த இடைவெளியைத் தாண்ட எடுக்கும் நேரத்தில் அவர் இரண்டு தடவை யோசித்துவிடுவார். அடுத்தது, பாய்வது என்றால் இரண்டு காலும் பின்னால் நீண்டு கிடக்கும். காலுக்குள் போன பிறகும் உங்கள் பாதம் உங்கள் இடுப்புக்குக் கீழே வர வேண்டும். அப்போதுதான் எழும்ப முடியும்.

மூன்றாவதுதான் நான் இந்தப் பக்கத்தை எழுதுவதற்கே காரணம். கால் பிடிக்கிற வேலை கைகளில் தொடங்குகிறது. பிடரியில் கை வைத்து ஒரு தடவை கீழே இழுங்கள். தலையைத் தாழ்த்த விரும்பாத எதிராளி என்ன செய்வார்? நிமிர்வார். நிமிர்ந்தால் இடுப்பு உயரும், கால் இரண்டும் உங்களுக்கு முன்னால் திறந்து நிற்கும். அது அரை விநாடி. மாறாக, நெஞ்சில் தள்ளுங்கள். திருப்பித் தள்ளுவார். தள்ளும்போது ஒரு காலை முன்னால் வைப்பார். அந்தக் கால் பாரத்தோடு தரையில் பதிகிற நேரம்தான் உங்களுடைய நேரம். பாரம் இருக்கிற காலை அவரால் உடனே பின்னால் எடுக்க முடியாது.

கடற்கரையில் இதற்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். கால் பிடிக்கவே கூடாது. இருவரும் இரண்டு நிமிடம் கைபோட்டு இழுத்துத் தள்ளி, எதிராளி பாரத்தோடு காலை முன்னே வைக்கும் ஒவ்வொரு தடவையும் “இப்ப” என்று கத்த வேண்டும், அவ்வளவுதான். முதல் கிழமை எல்லோரும் பிந்திக் கத்துவார்கள். மூன்றாம் கிழமை கத்தலும் காலும் சேர்ந்து வரும். அதற்குப் பிறகு சிங்கிள் லெக் பழக்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

நானா, நான் கிண்ணியா. எனக்கு உயரம் அஞ்சடி நாலு. உயரமான ஆக்களை எப்படிப் புடிக்கிறது?

தம்பி, அவர்களுக்குத்தான் உங்களிடம் பயம் இருக்க வேண்டும். அவருடைய முழங்கால் உங்கள் கைக்கு ஏற்கெனவே கிட்ட இருக்கிறது. அவர் உங்கள் காலுக்கு வர இன்னும் அரை அடி தாழ வேண்டும். ஆனால் அவருடைய கை நீளம். அதனால் கைச்சண்டையில் நீண்ட நேரம் நிற்காதீர்கள். முழங்கையைக் கீழிருந்து தட்டி உயர்த்தி, அந்தக் கைக்குக் கீழால் தலையை விட்டு முதுகுப் பக்கம் போய்விடுங்கள். குட்டையானவர்களுக்கென்றே அளந்து செய்த வழி அது.

இன்னும் கீழே போகலாம். 1988, 1992 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஜோன் ஸ்மித் கணுக்கால் மட்டத்துக்குத் தாழ்ந்து பிடிக்கும் சிங்கிள் லெக்கால் பெயர் எடுத்தவர். குதியைக் கையால் அள்ளி, தோளால் கெண்டைக்காலின் முன்பக்கத்தைத் தள்ளுவது. மணலில் இது கொஞ்சம் கஷ்டம், வாய்க்குள் மணல் போகும்.

கபடி நல்லா விளையாடுவன். அது உதவுமா?

நிறைய. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, எதிராளி எப்போது திரும்புவார் என்று பார்க்கிற கண், இவை எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மாற்ற வேண்டிய பழக்கம் ஒன்று. கபடியில் பிடித்தவரை நகர விடாமல் நிறுத்தினால் வெற்றி, கூடவே ஆறு பேர் வந்து விழுவார்கள். இங்கே யாரும் வர மாட்டார்கள். நிறுத்தினால் புள்ளி இல்லை, பின்னால் போனால்தான் புள்ளி. கபடிக்காரர்கள் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி இறுக்குவார்கள். பிடித்ததும் நடக்கத் தொடங்குங்கள்.

ஜூடோவிலிருந்து வருபவர்களுக்கு எதிர்மாறான பிரச்சினை. அங்கே 2010இலிருந்து காலை நேராகப் பிடிப்பதைக் கட்டுப்படுத்தி, 2013இல் முழுதாகவே நிறுத்திவிட்டார்கள். அதனால் எறிதல் அழகாக இருக்கும், காலைக் காப்பாற்றத் தெரியாது.

என்ர மகளுக்கு 14 வயசு, பழக வரட்டோ எண்டு கேக்கிறாள். பொம்பிளைப் பிள்ளையளுக்கு இது சரிவருமா?

அக்கா, தாராளமாக அனுப்புங்கள். பெண்கள் மல்யுத்தம் 2004 ஏதென்ஸிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் இலங்கைக்கு மல்யுத்தத்தில் வெண்கலம் கொண்டுவந்தவர் நெத்மி போருதொட்டகே, அப்போது அவர் பதின்ம வயதுப் பிள்ளை. எங்களிடம் பெண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளோடுதான் பழகுவார்கள். நீங்களும் வந்து பக்கத்தில் இருக்கலாம், சில தாய்மார் தேத்தண்ணீர்ப் போத்தலோடு வருகிறார்கள். முடியை இறுக்கிக் கட்டி, நகம் வெட்டி, தோடு சங்கிலி கழற்றி வீட்டில் வைத்துவிட்டு அனுப்புங்கள்.

ஆள் என்ர காலுக்கு வந்தா என்ன செய்றது?

வரிசை முக்கியம். முதல் காவல் தலை, இரண்டாவது கை, மூன்றாவதுதான் இடுப்பு. அவர் தாழும்போதே உங்கள் நெற்றியும் முன்கையும் குறுக்கே இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதைத் தாண்டி வந்தால் இரண்டு காலையும் பின்னால் எறிந்து இடுப்பை அவருடைய தோளின் மேல் போடுங்கள். ஆங்கிலத்தில் ஸ்ப்ரோல் என்பார்கள். முழங்காலில் விழக் கூடாது. பாதத்தின் விரல்கள் தரையில் ஊன்றி, உங்கள் முழுப் பாரமும் அவருடைய பிடரிக்கும் தோளுக்கும் இடையில் இறங்க வேண்டும்.

ஸ்ப்ரோல் செய்துவிட்டு அங்கேயே படுத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர் முழங்காலில், தலை உங்கள் நெஞ்சுக்குக் கீழே. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? ஒரு கையைத் தலையோடும் அவருடைய ஒரு கையோடும் சேர்த்துச் சுற்றுங்கள். தலையை மட்டும் சுற்றுவது விதிமீறல். ஒரு இழுவை இழுத்துப் பக்கவாட்டில் ஓடிப் பின்னால் போனால், முதலாவது பதிலில் சொன்ன அதே 2 புள்ளி உங்களுக்கு.

அப்ப நான் போகாம, அவன் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டாக் காணும்தானே?

கெட்டிக்காரக் கேள்வி. ஆனால் விதி எழுதியவர்கள் உங்களைவிடக் கெட்டிக்காரர்கள். ஃப்ரீஸ்டைலில் ஆடாமல் நிற்பவரை நடுவர் முதலில் எச்சரிப்பார். பிறகும் அப்படியே நின்றால் 30 விநாடி ஓடத் தொடங்கும், அதற்குள் யாரும் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு 1 புள்ளி. உங்கள் 30 விநாடி ஓடுகிறது என்று தெரிந்த எதிராளி சும்மா விலகி விலகி நிற்பார், நீங்கள் அவசரப்பட்டுத் தூரத்திலிருந்து பாய்வீர்கள். அப்புறம் பழைய கதைதான்.

அவன்ர கை என்ர கக்கத்துக்குக் கீழால வந்திட்டா ஒண்டுமே செய்யேலாம இருக்கு.

அண்டர்ஹூக் விழுந்துவிட்டது. அந்தக் கையால் அவர் உங்கள் தோளை உயர்த்தினால் நீங்கள் நிமிர்வீர்கள், நிமிர்ந்தால் இடுப்புத் திறக்கும். அதனால் முதல் வேலை, அந்தப் பக்கத் தோளைப் பாரமாக்கிக் கீழே அழுத்துவது. மேலால் உங்கள் கையைச் சுற்றி இறுக்கி இடுப்பைத் தள்ளி வையுங்கள். பிறகு சும்மா இருக்கும் மற்றக் கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடியுங்கள். அவருக்கு இரண்டாவது கை கிடைக்காமல் இருக்கும்வரை ஆபத்துக் குறைவு.

நீங்கள் அண்டர்ஹூக் போட்டிருந்தால்? நின்று அணைத்துக்கொண்டிருக்காதீர்கள், பெருநாள் வாழ்த்துச் சொல்லவில்லை. அந்தப் பக்கமாக ஓரடி வட்டம் நடந்து தோளை உயர்த்துங்கள், அவர் சமநிலைக்குக் காலை முன்னே வைப்பார். மற்றக் கையால் அந்தக் காலின் முழங்காலையோ குதியையோ எடுங்கள்.

தனியாப் பழக ஏதும் வழி இருக்கா? எங்கட பக்கம் ஆக்கள் இல்லை.

பழைய சைக்கிள் டியூப் ஒன்றைத் தென்னையில் இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். அதைப் பிடரி என்று வைத்து இழுப்பதும், இழுத்த உடனே தாழ்ந்து ஓரடி உள்ளே போவதும். ஒரு பக்கத்துக்கு இருபது, மூன்று சுற்று. கண்ணாடிக்கு முன்னால் நின்று தாழ்ந்து எழும்புவதும் நல்லது, தாழும்போது தலை குனிகிறதா என்று நீங்களே பிடித்துவிடலாம். எறிதல்களை மட்டும் தனியாக முயற்சிக்க வேண்டாம்.

எடையைக் குறைச்சு ஒரு வகுப்புக் கீழ இறங்கினா லேசா வெல்லலாம் எண்டு சொல்லுறாங்கள்?

பாடசாலைப் பிள்ளைகளுக்கு என் பதில்: வேண்டாம். தண்ணீர் குடிக்காமல், கச்சான் காற்று வெயிலில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடியவர் ஒருவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். காய்ந்த உடம்பு முதலில் இழப்பது கால் வேகத்தை, டேக்டவுனுக்கு வேண்டியதே அதுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோ இறுதிப் போட்டிக்கு வந்தார். அன்று காலை எடை 100 கிராம் கூட இருந்ததால் தகுதி போனது, பதக்கமே இல்லை. அவ்வளவு வசதி உள்ளவர்களுக்கே அந்த நிலை.

கடைசி 30 விநாடி, ஒரு புள்ளி பின்னுக்கு நிக்கிறன். என்ன செய்றது?

முதலில் கணக்கு. சமநிலையில் ஆட்டம் முடிந்தால் பெரிய புள்ளிப் பிடி எடுத்தவர் வெல்வார். அதுவும் சமம் என்றால் எச்சரிக்கை குறைவாக வாங்கியவர். அதுவும் சமம் என்றால் கடைசிப் புள்ளி எடுத்தவர். ஆகவே 2-3 என்று பின்னால் நிற்கும்போது ஒரு தள்ளல் புள்ளி போதுமா, டேக்டவுன் வேண்டுமா என்பது அந்த 3 எப்படி வந்தது என்பதில் இருக்கிறது. இதை ஆடும்போது யோசிக்க முடியாது, ஓரத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும்.

அடுத்தது இடம். முன்னால் நிற்பவர் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். நடுவில் நின்று பாயாமல், நெஞ்சோடு நெஞ்சு நடந்து அவரை ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். வட்டத்தின் ஓரத்திலுள்ள செம்மஞ்சள் பட்டையை அவருடைய கால் உணர்ந்ததும் இரண்டில் ஒன்று நடக்கும். வெளியே போனால் உங்களுக்கு 1. போகாமலிருக்க உங்களைத் திருப்பித் தள்ளினால், தூரத்திலிருந்து பாய்வது பற்றிய பதிலில் சொன்ன அந்தப் பாரமேறிய முன்கால் அங்கே நிற்கும். வேண்டுமென்றே தப்பி ஓடினால் அவருக்கு எச்சரிக்கையும் உங்களுக்குப் புள்ளியும் வரும்.

கொழும்பில் ஒரு போட்டியில் நான் இதை மறந்தவன். இருபது விநாடி இருக்க, நடு வட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தேன். எதிராளி என் தலையில் ஒரு கை வைத்து, நாயைத் தடவுகிற மாதிரி, அமத்திப் பின்னால் போனார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கந்தளாய் வரும்வரை ஒருவரோடும் பேசவில்லை.

எல்லாருக்கும் என்ர பிடி தெரிஞ்சு போச்சு. ஒருத்தரும் விடுறாங்களில்லை. வேற பிடிக்கு மாறட்டோ?

மாறாதீர்கள். ஜப்பானின் சவோரி யோஷிதா மூன்று ஒலிம்பிக் தங்கமும் 13 உலகப் பட்டமும் எடுத்தவர். அவருடைய பாய்ந்து பிடிக்கும் டேக்கிள் உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். 2008 ஜனவரியில் அதற்கே எதிர்ப்பிடி போட்டு அவருடைய 119 வெற்றித் தொடரை ஓர் அமெரிக்கப் பெண் முறித்தார். யோஷிதா அந்தப் பிடியை விட்டுவிடவில்லை. அதே வருடம் பெய்ஜிங்கில் தங்கம் எடுத்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது, தெரிந்த பிடியோடு இரண்டாவது ஒன்றை ஒட்டுவது. சிங்கிள் லெக் போவது மாதிரித் தாழுங்கள். அவர் பழக்கப்படி இடுப்பைப் பின்னால் எடுத்துத் தலையை முன்னே நீட்டுவார். காலை விட்டுவிட்டுத் தலையைக் கீழே இழுத்துச் சுற்றிப் பின்னால் போங்கள். இரண்டு தடவை இது நடந்தால் மூன்றாம் தடவை தலையை நீட்டத் தயங்குவார், இடுப்பு அங்கேயே நிற்கும். அப்போது உண்மையான சிங்கிள் லெக். முதல் பிடி எவ்வளவு பேர்பெற்றதோ அவ்வளவுக்கு இரண்டாவது பிடி வாய்க்கும். ஆனால் முதல் தாழ்தல் நிஜமாக இருக்க வேண்டும். தோளை மட்டும் குலுக்கிக் காட்டினால் சின்னப் பெடியனும் நம்ப மாட்டான்.

ரெண்டு பேரும் சேந்து விழுந்தா ஆருக்குப் புள்ளி? நடுவர் பிழையாக் குடுத்தா?

பிடியைத் தொடங்கியவர் யார், விழுந்து முடிந்தபோது யாருடைய முதுகு தரையைப் பார்த்தது, யார் மேலே கட்டுப்பாட்டோடு இருந்தார் என்று பார்ப்பார்கள். நீங்கள் எறியப் போய், எதிராளி நடுவழியில் இடுப்பைத் திருப்பி உங்கள் மேல் விழுந்தால் புள்ளி அவருக்குப் போகலாம். சில வேளை இரண்டு பேருக்குமே அடுத்தடுத்துப் புள்ளி விழும். அதனால்தான் விழுந்த பிறகும் இரண்டு விநாடி வேலை செய்யச் சொல்கிறேன். பாதிப் பேர் விழுந்ததும் நடுவரின் கையைப் பார்க்கிறார்கள், அதற்குள் கீழே கிடந்தவர் எழும்பிவிடுகிறார்.

காணொளி வசதியுள்ள போட்டியில் தீர்ப்பை எதிர்க்கலாம். பயிற்றுநர் மெத்தைக்குள் ஒரு பஞ்சுத் துண்டை எறிவார், மறுபடி பார்ப்பார்கள். எதிர்ப்பு நிற்காவிட்டால் எதிராளிக்கு 1 புள்ளி. பயிற்றுநர் எறிந்தாலும் ஆடுபவர் வேண்டாம் என்று மறுக்க அவருக்கு உரிமை உண்டு. எனவே ஓரத்தில் நாங்கள் எவ்வளவு துள்ளினாலும் ஒரு தரம் உங்கள் முழங்காலைக் கேளுங்கள், அது தரையில் பட்டதா இல்லையா என்று அதற்குத்தான் தெரியும்.